கேம் கியர் இறுகினால்: தேய்ப்பதா, சைஸ் மாற்றுவதா, கேஸையே திருத்துவதா?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கிறவருக்கு, பாதி வேலை ஒழுங்காக முடிந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தலைகாட்டும். எஞ்சினின் உடலான கிராங்க்கேஸ் (சுருக்கமாக, கேஸ்) இரண்டாகப் பிளந்திருக்கிறது; அதன் ஒரு பாதி ஸ்டாண்டில் நிற்கிறது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் உள்ளே உட்கார்ந்துவிட்டது. வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்டை இறக்கி, இரண்டு தண்டுகளின் கியர்களிலும் உள்ள நேரக்குறிகளைப் பொருத்தி, கையால் சுற்றிப் பார்க்கிறார். கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகிறது, பிறகு கனக்கிறது. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் தன் பேரிங்கை விட்டு எழும்பப் பார்க்கிறது.

அந்த நேரத்தில் சிங்கப்பூரில் யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். ஆனால் இருவர் பதில் ஒன்றாக இருக்காது. "ஓட ஓடத் தேய்ந்து சரியாகிவிடும்" என்பார் ஒருவர். "ஒரு சைஸ் சின்ன கியர் வரவழை" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கேஸைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது போய்விட்டது, வேறு கேஸ் தேடு" என்பார். பந்தயக் கார்ப் பைத்தியம் உள்ளவர் நேர்ப்பல் கியரைப் பரிந்துரைப்பார். இவற்றில் முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் ஏதோ ஓர் எஞ்சினுக்குச் சரியான பதில்தான். உங்கள் எஞ்சினுக்கு எது என்பதைக் கடைக்காரரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. கிராங்க்கை மெதுவாகச் சுற்றினால் அதுவே சொல்லும்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இறுக்கம் எங்கே பிறக்கிறது என்று தெரியும்வரை எதையும் வாங்கக்கூடாது. தெரிந்த பிறகு, பழைய கேஸைக் காப்பாற்றும் வழி ஏதாவது இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இரண்டாவது பாதிக்குச் சிங்கப்பூருக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இறுக்கமா, சரியான அளவா?

இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்டைச் சுற்றுவதற்குச் செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கிராங்க்கில் உள்ள எஃகு கியர், கேமில் உள்ள அலுமினியக் கலவைக் கியரை நேரடியாகக் கடித்துச் சுற்றுகிறது. பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. இரண்டு பற்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளியைத்தான் பேக்லாஷ் என்கிறோம். இதற்கு ஃபோக்ஸ்வேகன் வைத்த அளவு 0.00 முதல் 0.05 மி.மீ. வரை. கீழ் எல்லை பூஜ்யம் என்பதைக் கவனியுங்கள். விரலால் ஆட்டினால் ஆட்டம் தெரியவேண்டும் என்று எதிர்பார்த்து, தெரியாததைப் பார்த்துப் பதறி, நல்ல கியரைக் கழற்றிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

கப்பல் பட்டறையில் பெரிய டீசல் எஞ்சின்களோடு பழகியவர்களுக்கு இது இன்னும் விநோதமாகத் தோன்றும். அங்கே பற்களுக்கு நடுவே ஈயக் கம்பியை வைத்து நசுக்கி, நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் அளப்போம். தாராளமான இடைவெளி இருக்கும். ஜூரோங்கில் அந்த வேலையில் ஊறிப்போன என் கைக்கு, பூஜ்ய இடைவெளியை ஒரு தொழிற்சாலை அனுமதிக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள நேரம் பிடித்தது. காரணம் வெப்பத்தில் இருக்கிறது. கேஸ் மெக்னீசியக் கலவை. சூடேறினால் அது எஃகைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விரியும். அலுமினியத்தைவிடவும் கொஞ்சம் கூடுதலாக விரியும். ஆகவே எஞ்சின் சூடானதும் இரண்டு ஷாஃப்ட்களின் நடுத் தூரம், கியர்கள் வளர்வதைவிட அதிகமாக வளர்கிறது. குளிரில் தொட்டுக்கொண்டிருந்த பற்களுக்கு ஓட்டத்தில் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. குளிரிலேயே தளர்வாக இருந்தால், சூட்டில் இன்னும் தளர்ந்து, மெதுவோட்டத்தில் கடகடக்கும்.

அப்படியானால் தவறான இறுக்கம் என்பது எது? பழைய ஃபோக்ஸ்வேகன் பட்டறைகளின் சோதனை எளிமையானது. கேம்ஷாஃப்டைப் பாதிக் கேஸில் எண்ணெய் தடவி வைத்து, கிராங்க்கை எதிர்த்திசையில் சுற்றவேண்டும். கேம்ஷாஃப்ட் தன் பேரிங்கிலேயே அமர்ந்திருந்தால் கியர் சரி. பற்கள் அதைத் தூக்கி வெளியே தள்ளினால் கியர் பெரிது, அல்லது ஷாஃப்ட்கள் நெருங்கிவிட்டன. உலர்ந்த பேரிங்கில் இதைச் செய்தால் எல்லாமே இறுக்கமாகத்தான் தோன்றும். எண்ணெய் தடவியபின் லேசான கனம் மட்டும் இருந்து, தூக்கல் இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் பேசப்போகும் எந்த வழியும் உங்களுக்குத் தேவையில்லை. செலவே இல்லாத தேர்வு அதுதான். பலருக்கு உண்மையில் பொருந்துவதும் அதுதான்.

எந்தச் சுற்றில் பிடிக்கிறது

கேம் கியரில் உள்ள பற்கள், கிராங்க் கியரில் உள்ளவற்றைப் போல இரண்டு மடங்கு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. விகிதம் முழு எண்ணாக இருப்பதால் ஒரே பல் எப்போதும் அதே பல்லைத்தான் சந்திக்கிறது. நோய் கண்டுபிடிக்க இதைவிட வசதி வேறில்லை.

மார்க்கர் பேனா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கனக்கும் இடத்தில் இரண்டு கியரிலும் கோடு போடுங்கள். கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கனத்தால் சந்தேகம் கிராங்க் கியர்மேல்: அது சாய்ந்து ஏறியிருக்கலாம், சாவியில் சரியாக உட்காராமல் இருக்கலாம், ஒரு பல்லில் பிசிறு இருக்கலாம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கனத்தால் கேம் கியர் வட்டம் பிசகியிருக்கிறது, அல்லது கேம்ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனத்தால்தான் சைஸ், நடுத் தூரம், பேரிங் அமர்வு ஆகியவை விசாரணைக்கு வருகின்றன.

உறுதி செய்ய ஒரு குறுக்கு விசாரணையும் உண்டு. சோதனைக்காக மட்டும் நேரக்குறியை விட்டுவிட்டு, கேமைத் தூக்கி நான்கைந்து பல் தள்ளிக் கோத்துச் சுற்றுங்கள். கனம் கேம் கியரின் கோட்டோடு கூடவே நகர்ந்தால் குற்றவாளி கேம் கியர். கிராங்க் கியரின் கோட்டிலேயே நின்றால் கிராங்க் கியர். கனமே காணாமல் போனால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் மேடு இருந்து, நேரக்குறி அந்த இரண்டு மேட்டையும் ஒன்றாகச் சந்திக்க வைத்திருக்கிறது. அப்போது ஒரு கியரை மாற்றினாலே போதும். பல்லைத் தள்ளிக் கோத்தபடியே விட்டுவிடலாமே என்று ஆசைப்படாதீர்கள். வால்வுகளின் நேரம் தப்பிவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் கிராங்க்கைத் தனியாகவும், கேமைத் தனியாகவும் வைத்துச் சுற்றியிருக்கவேண்டும். என் மைத்துனரின் 1600 எஞ்சினில் இதைத்தான் விட்டிருந்தார்கள். "மச்சான், ஒரு சின்ன கியருக்கு ஆர்டர் போட்டுவிடட்டுமா?" என்று கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "பொறுங்கள் மச்சான், கியரைக் கழற்றாமல் கேமை மட்டும் வைத்துச் சுற்றுங்கள்" என்றேன். கிராங்க் இல்லாமலே கனத்தது. ஒரு கேம் பேரிங்கின் நாக்கு அதன் பள்ளத்தில் விழாமல் மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. கீழே பிறந்த கோளாறு மேலே கியரில் தெரிந்தது, அவ்வளவுதான்.

கேஸை மூடி இறுக்கிய பிறகு மட்டும் பிடிக்கிறது என்றால், கியரை முற்றிலும் மறந்துவிட்டு மெயின் பேரிங்கைப் பாருங்கள். ஒவ்வொரு மெயின் பேரிங்கையும் நகராமல் பிடிப்பதற்குக் கேஸில் ஒரு சிறிய முளை இருக்கிறது. இரண்டாவது பேரிங் மட்டும் இரண்டு துண்டு. மற்றவை முழு வளையங்கள். வளையத்தின் ஓட்டை முளைக்கு நேராக விழாமல் கேஸை மூடினால், முளை பேரிங்கை அழுத்தும், கிராங்க் சிக்கும், பேரிங் பாழாகும். மூடுவதற்கு முன்பே வளையம் முளையில் சரியாக உட்கார்ந்த நிலையில், கேஸின் விளிம்பை ஒட்டி வளையத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால், கிராங்க்கோடு சேர்த்து இறக்கும்போது கோடு விளிம்போடு பொருந்துகிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தேய்த்துச் சரிசெய்வது

புதுச் செருப்பு கடிக்கும், போகப் போகப் பழகிவிடும் என்ற நியாயத்தைக் கியருக்கும் சொல்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், வால்வு தேய்க்கும் பசையைப் பற்களில் தடவிக் கையால் சுற்றச் சொல்கிறார்கள். மலிவு, விரைவு, கையிலிருக்கும் பொருளே போதும். இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது.

ஆனால் அலுமினியம் மென்மையான உலோகம். பசையில் உள்ள கூர்மணல் அதன் பற்களில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. அதன்பிறகு கேம் கியரே ஓர் அரமாக மாறி, எதிரே இருக்கும் எஃகுப் பல்லை ஓடும் காலமெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கும். அந்தத் துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளுக்குப் போகும். பீட்டில் எஞ்சினில் எண்ணெய் வடிகட்டி என்று தொழிற்சாலை வைத்தது ஒரு கம்பி வலை மட்டுமே. நுண்துகளை அது பிடிக்காது.

பசை இல்லாமல் அப்படியே ஓட்டுவதும் இதைவிடச் சிறந்ததல்ல. இறுகிய பற்கள் இரண்டு ஷாஃப்ட்டையும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்தச் சுமையைக் கேம் பேரிங் தாங்கவேண்டும். ஊளையிடும் சத்தம் வரும். சூடேறிய பிறகு சத்தம் குறையலாம், அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: பிசிறு. பெட்டியில் உரசியோ, ஸ்பேனர் விழுந்தோ ஒரே ஒரு பல்லின் முனையில் மேடு எழுந்திருந்தால், அதை மட்டும் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் நீவிவிடலாம். மார்க்கர் கோட்டில் ஒரே பல் ஜோடி மட்டும் திரும்பத் திரும்பச் சிக்கினால், பூதக்கண்ணாடியோடு அந்தப் பல்லைப் பாருங்கள். இதற்கும் பசை தேவையில்லை.

சைஸ் மாற்றிய கியர்

கிராங்க் தனியாகவும் கேம் தனியாகவும் இலகுவாகச் சுற்றி, இரண்டையும் கோத்தால் மட்டும் சுற்று முழுவதும் சீராக இறுகுகிறது என்றால், இதுதான் நேர்மையான மருந்து. கேஸ்கள் ஒவ்வொன்றிலும் நடுத் தூரம் மயிரிழை வேறுபடும் என்பது ஃபோக்ஸ்வேகனுக்குத் தெரியும். அதனால்தான் கேம் கியரைப் பல சைஸ்களில் வெட்டி, உட்பக்க முகத்தில் 0, +1, −1, +2, −2 என்று பொறித்தார்கள். எண் ஒவ்வொன்றும் கியரின் பல்வட்ட ஆரம் நிலையான அளவிலிருந்து எத்தனை நூறில் ஒரு மி.மீ. கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இங்கே இரண்டு பூஜ்யங்கள் இருப்பதால் குழப்பம் வரும். வெளிப்பக்கத்தில் ஒரு பல்லின் அருகே இருக்கும் 0 நேரக்குறி. கிராங்க் கியரின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அது வரவேண்டும். சைஸ் பொறிப்பு அதுவன்று, கியரின் மறுபக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் படம் அனுப்பி "சைஸ் பூஜ்யம்" என்றால், எந்த முகத்தின் படம் என்று கேளுங்கள்.

எத்தனை சைஸ் இறங்குவது? ஆரத்தைக் குறைத்த அளவு அப்படியே பேக்லாஷாக மாறாது. பொதுவான 20 பாகை அழுத்தக் கோணப் பல்லாக எடுத்துக்கொண்டால், ஆரத்தில் 0.01 மி.மீ. குறைத்தால் பேக்லாஷ் ஏறத்தாழ 0.007 மி.மீ. கூடும். மூன்று சைஸ் இறங்கினால் 0.02 மி.மீ. கிடைக்கும். அனுமதிக்கப்பட்ட மொத்த அளவே 0.05 என்பதால் இது பெரிய மாற்றம்தான். ஆனால் கேம் பேரிங்கைவிட்டு நன்றாகவே எழும்பும் எஞ்சினில் ஒரே ஒரு சைஸ் இறங்கிவிட்டுத் தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இப்போது கேஸில் இருக்கும் கியரின் எண்ணை முதலில் படியுங்கள். அது +2 ஆக இருந்தால், உலகமெங்கும் எளிதில் கிடைக்கும் 0 போட்டாலே போதுமானதாக இருக்கலாம். ஏற்கெனவே −2 இருந்தும் இறுகினால், இன்னும் சின்னதைத் தேடி அலைவதைவிடக் கேஸைச் சந்தேகிப்பது நல்லது.

இந்த வழியின் தொல்லை, தொழிற்சாலைக் கேம்களில் கியர் ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருப்பது. கியரை மட்டும் மாற்றும் வேலை இல்லை. கேம்ஷாஃப்ட்டோடு சேர்த்துத்தான் வரும். கேம் புதிது என்றால், பழைய டேப்பெட்களை (கேமின் மேடுகளில் உரசி வால்வுகளைத் தள்ளும் பாகங்கள்) அதோடு ஓட்டக்கூடாது. அதையும் புதிதாக வாங்கவேண்டும். போல்ட் வைத்து மாட்டும் தனிக் கியர்களும் உண்டு. அவற்றில் போல்ட்டின் தலை ஆயில் பம்ப்பிலோ கேஸின் உட்புறத்திலோ உரசாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உரசினால் அதுவும் கையில் கியர் இறுக்கமாகவே தெரியும்.

ஆயில் பம்ப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. ஏறத்தாழ 1971 வரை வந்த எஞ்சின்களில் கேம் கியர் தட்டையானது, மூன்று ரிவெட். அதன்பிறகு வந்தது குழிந்த கியர், நான்கு ரிவெட். பம்ப்பின் உடலும் அதற்கேற்ப மாறியது. நான்கு ரிவெட் கேமை வாங்கிவிட்டு மூன்று ரிவெட்டுக்கான பம்ப்பை வைத்தாலும், அதை மாற்றிச் செய்தாலும் பொருந்தாது. கைமாறிக் கைமாறி வந்த பழைய காரில் எந்த ஆண்டின் பாகம் எதில் இருக்கிறது என்று பதிவு அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரிவெட்டை எண்ணுங்கள்.

செலவு என்று பார்த்தால் இது நடுத்தரம். வெளிநாட்டிலிருந்து வரும் பாகத்துக்குப் பொருள் சேவை வரி இப்போது 9 விழுக்காடு. அனுப்பும் கூலி தனி. தவறான சைஸ் வந்தால் திருப்பி அனுப்பும் செலவு, வாங்கிய விலையை நெருங்கிவிடும். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன், அனுப்பப்போகும் அதே கியரின் உட்பக்க எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது சிங்கப்பூரில் இருந்து வாங்குபவருக்குக் கட்டாயம். மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம்.

கேஸைத் திருத்துவது, அல்லது மாற்றுவது

மெக்னீசியக் கேஸ் நெடுங்காலம் ஓடினால், கிராங்க் அடித்து அடித்து மெயின் பேரிங் அமரும் துளைகள் நீள்வட்டமாகிவிடும். நடுப் பேரிங்கில் இது முதலில் தெரியும். அப்போது எல்லாத் துளைகளையும் ஒரே கோட்டில் மறுபடி கடைந்து, வெளிவிட்டம் கூடிய பேரிங்கைப் போடுவார்கள். சிறியதான நான்காவதைத் தவிர மற்றவற்றின் நிலையான துளை 65 மி.மீ.; முதல் கடைதலுக்குப் பின் 65.5. கடையும் கோல் பழைய மையத்திலிருந்து கேம் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தாலும் ஷாஃப்ட்கள் நெருங்கிவிடும். முன்பு இறுகாத எஞ்சின் கடைந்து வந்தபின் இறுகுகிறது என்றால், வேறு எங்கும் தேடவேண்டாம்.

நான் பார்த்தவரை கேம் கியர் இறுக்கத்தின் வேர் பெரும்பாலும் இங்கே இருக்கிறது. ஆனால் மருந்து இங்கே இருப்பதாக நினைப்பதுதான் தவறு. கடைதலில் நகர்ந்த மையத்தை இன்னொரு கடைதலால் திருப்பிக் கொண்டுவர முயன்றால், துளை இன்னும் பெரிதாகும், கேஸில் உலோகம் இன்னும் குறையும். துளைகள் வட்டமாகவும் ஒரே கோட்டிலும் இருந்து, மையம் மட்டும் சற்று நகர்ந்திருந்தால், சின்ன கியர் போடுவதே கேஸுக்குச் செய்யும் உபகாரம். சைஸ்கள் உருவானதே அதற்காகத்தான். மையம் நேராக நகராமல் ஒரு முனையில் கூடுதலாக, மறுமுனையில் குறைவாக நகர்ந்திருந்தால் கதை வேறு: இரண்டு ஷாஃப்ட்களும் இணையாக இருக்காது. சாய்வுப் பல் முழு அகலத்துக்கும் படாமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும். பற்களில் நீலச் சாயம் தடவிச் சுற்றினால் தடம் ஓரத்தில் மட்டும் விழுவதைக் காணலாம். அதற்கு எந்தச் சைஸ் கியரும் தீர்வாகாது. கடைதல்தான், அல்லது வேறு கேஸ்தான்.

யாரிடம் கொடுப்பது? சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் சிலிண்டர் ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமன்செய்வதற்கும் சிலிண்டர் கடைவதற்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரண்டாகப் பிளக்கும் கேஸில் ஒரே கோட்டில் கடைவதற்குத் தனிக் கோல் வேண்டும். எல்லாப் பட்டறையிலும் அது இருக்காது. "செய்யலாம், வைத்துவிட்டுப் போங்கள்" என்ற பதிலை நம்பாமல், இதே வகைக் கேஸுக்கு எந்தக் கோலை வைத்துச் செய்வீர்கள், கேம் துளையிலிருந்து மையத்தை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால் கேஸை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். கூலி குறைவென்று ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. வேலை நன்றாகவே செய்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வேலையில் பாதி, அளந்து பார்த்துத் திரும்பத் திரும்பப் பேசுவது. ஒவ்வொரு பேச்சுக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கவேண்டும் என்றால், மிச்சமாகும் வெள்ளி நேரமாகப் போய்விடும்.

வேறு கேஸ் வாங்குவது, தொழில்நுட்பக் கண்ணால் மட்டும் பார்த்தால், மிகச் சுத்தமான தீர்வு. பீட்டில் மெக்சிகோவில் 2003 வரை தயாரானது, காற்றால் குளிரும் எஞ்சின் பிரேசிலில் 2005 வரை ஓடியது. அதனால் பாகங்களின் சந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது, புதிய கேஸும் கிடைக்கிறது. ஆனால் இந்த எஞ்சினின் எண் கேஸிலேயே, ஜெனரேட்டர் தாங்கிக்குக் கீழே, பொறிக்கப்பட்டிருக்கிறது. கேஸ் மாறினால் எஞ்சின் எண் மாறுகிறது. அப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி, பதிவில் திருத்தம் என்று தாள் வேலை பின்னாலேயே வரும். 35 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கான திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டும் ஒரு காருக்காக இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று யோசியுங்கள். பழைய கார் விரும்பிகளிடம் விற்கப்போகும் நாளில், பிறந்த எண்ணோடு இருக்கும் எஞ்சினுக்கு மதிப்பு கூடுதல் என்பதும் கணக்கில் வரட்டும். கேஸில் வெடிப்பு இருந்தால், துளைகள் இனிக் கடைய முடியாத அளவுக்குப் பெரிதாகியிருந்தால், அல்லது ஷாஃப்ட்கள் இணையாக இல்லாத கேஸைக் கடைய ஆள் கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை. அதற்குக் குறைந்த எதற்கும் நான் கேஸை மாற்றமாட்டேன்.

நேர்ப்பல் கியர்

சாய்வுப் பல் சுற்றும்போது கேம்ஷாஃப்டை அச்சுத் திசையிலும் தள்ளும், நேர்ப்பல் தள்ளாது. பந்தய எஞ்சினுக்கு அது நல்லது. நம்முடையதுபோன்ற ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு ஊளைச் சத்தம்தான் மிச்சம். அதோடு கிராங்க் கியரையும் கழற்றவேண்டும். அது சுருங்கிப் பிடித்து இருப்பது. புதியதை ஏறத்தாழ 80 பாகைக்குச் சூடாக்கித்தான் ஏற்றவேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் செய்ய முடியாது என்பதில்லை, செய்துவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. இறுக்கத்தைத் தீர்ப்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கிராங்க் கியர் வட்டம் பிசகியிருக்கிறது என்று உறுதியானால், சாய்வுப் பல் கிராங்க் கியரையே புதிதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

தனியாகச் சுற்றும்போதே கனத்தால்: பேரிங், நாக்கு, முளை. செலவு கொஞ்சம் நேரம் மட்டும். கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றிலும் சிக்கினால் கிராங்க் கியர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்றால் கேம். சீராக இறுகி, நீலச் சாயத்தின் தடம் பல்லின் முழு அகலத்துக்கும் விழுந்தால், சைஸ் குறைந்த கியருள்ள கேம்ஷாஃப்ட், கூடவே புதிய டேப்பெட். தடம் ஓரத்தில் விழுந்தால் கேஸைக் கடைய ஆள் தேடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால்தான் புதிய கேஸ்.

இவற்றில் இரண்டு வழிக்கு நடுவே தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் சைஸ் கியருக்கும் கடைதலுக்கும் நடுவேதான் நிற்பார்கள். கடைதல் கூடுதல் முழுமையான வேலையாகத் தோன்றும். செலவு அதிகமாக இருப்பதாலேயே சிலருக்கு மனம் அந்தப் பக்கம் சாயும். மெயின் துளைகள் இன்னும் வட்டமாக இருக்கின்றன என்று அளவு சொல்லும்போது அந்தச் சாய்வுக்கு இடம் கொடுக்காதீர்கள். மெக்னீசியக் கேஸைக் கடையும் வாய்ப்பு அளவானது. இந்தமுறை வீணாக்கிய அரை மி.மீட்டர், பின்னாளில் உண்மையாகவே தேவைப்படும்போது கிடைக்காது.

புதிய கேம் வந்ததும் எண்ணெய் தடவி, பாதிக் கேஸில் எதிர்த்திசைச் சோதனையை மறுபடி செய்யுங்கள், இந்தமுறை கேமின் முழுச் சுற்றுக்கும். பிறகு கேஸை மூடி, ஆறு பெரிய நட்களையும் பாதி இறுக்கத்தில் நிறுத்திக் கிராங்க்கைச் சுற்றுங்கள். 34 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுபோய் மறுபடி சுற்றுங்கள். சிறிய நட்களுக்கு 20. எந்தப் படியில் கனம் ஏறினாலும் அங்கேயே நிறுத்திப் பிரித்துப் பாருங்கள். மூடிய பிறகும் பேக்லாஷைத் தொட்டுணர வழியுண்டு: ஆயில் பம்ப் போகும் துளை வழியாகக் கேமின் முனையில் உள்ள வெட்டில் அகலமான திருப்புளியை வைத்து, கிராங்க்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிப் பார்க்கலாம். பம்ப்பை அதற்குப் பிறகு வையுங்கள். அதன் நட்களை உடனே இறுக்காமல், கிராங்க்கைச் சில சுற்று சுற்றிப் பம்ப் தானாக நடுவில் அமர்ந்தபின் இறுக்குங்கள். இறுக்கியதும் புதிதாக ஒரு கனம் வந்தால், அது கியருடையதல்ல.